பிரித்து மாட்டினால் தாங்குமா? பழைய அலமாரி, பீரோ, கட்டில் வாங்கும் முன்

தங்கை போன வாரம் போன் செய்தாள். திருப்பூரிலிருந்து கோவைக்கு வீடு மாற்றுகிறாள். கணபதியில் இரண்டாவது மாடி, குறுகலான படி, லிஃப்ட் கிடையாது. துணி வைக்க ஓர் அலமாரி, ஒரு கட்டில், பிளஸ் ஒன் சேரப்போகும் பையனுக்கு ஒரு மேஜை வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து அவள் ஒதுக்கியிருப்பது 20,000 ரூபாய்.

"அக்கா, சரவணம்பட்டியில ஒருத்தரு வீடு காலி பண்றாருங்க்கா. மூணு கதவு வெச்ச அலமாரி 5,000 சொல்றாரு. புதுசு 16,000ஆமா. எடுத்துப்போடட்டுமா?"

"பொறு அம்மிணி, முன்பணம் கொடுத்துறாத" என்றேன். போனில் சொன்னது பாதிதான். மீதி இது.

பழைய சாமான் வாங்கும்போது எல்லோரும் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் மேல் பளபளப்பைப் பார்க்கிறார்கள். இரண்டையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது பொருத்து. அதாவது, ஒரு பலகையும் இன்னொரு பலகையும் சேரும் இடம். அது எத்தனை முறை பிரித்தாலும் மறுபடி பிடிக்குமா, ஒரே முறைதான் பிடிக்குமா? இந்த ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டதால் இரண்டு நாள் தூக்கமும், வாங்கிய விலைக்குக் கிட்டத்தட்ட சமமான பணமும் போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வாங்கியதும் இதே மாதிரி மூன்று கதவு அலமாரிதான். 4,500 ரூபாய். விற்றவர் நல்ல மனிதர். நமக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, நாங்கள் போவதற்கு முந்தின நாளே பிரித்து அடுக்கி வைத்திருந்தார். கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பிரிக்கும்போது நாம் பக்கத்தில் இல்லாவிட்டால், எந்தப் பலகை எங்கே நின்றது என்று சொல்ல ஆளில்லை. 14 பலகை, வளைந்த பின்தட்டி இரண்டு, ஒரு பிளாஸ்டிக் கவரில் ஸ்குரு, கீல், பலகைகளைக் கவ்விப் பூட்டும் கேம் லாக் எல்லாம் ஒட்டுக்கா. மாட்டும் முறை அச்சடித்த தாள் எப்போதோ தொலைந்துவிட்டதாம்.

சனிக்கிழமை பொழுதோட ஆரம்பித்தோம். பக்கப் பலகை இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. எடுத்து நிறுத்தியபிறகுதான் தெரிந்தது, ஒன்றின் துளைகள் வலப்பக்கம் என்றால் மற்றொன்றில் இடப்பக்கம். சரி, மாற்றினோம். நடுத்தடுப்பைத் தலைகீழாக நிறுத்தியிருந்தோம். அது தெரிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தட்டுகளைத் தாங்கும் குச்சிகளுக்கான துளைகள் இரண்டு பக்கமும் மட்டத்துக்கு வரவில்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஸ்குருத் துளையிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டியது. மூன்றாம் முறை திருகியபோது பாதி ஸ்குருக்கள் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றின. இரவு 11 மணி. பிள்ளைகள் பாயில் தூங்கிவிட்டார்கள். நானும் அவரும் பத்து வருஷத்தில் பேசாத பேச்செல்லாம் அன்றைக்குப் பேசிக்கொண்டோம்.

மறுநாள் ஞாயிறு, பக்கத்து ஹார்டுவேர் கடைகள் மூடியிருந்தன. கேம் லாக் ஏழு குறைவு. பாதி நின்ற அலமாரியைச் சுவரோடு கயிறு போட்டுக் கட்டி, துணி மூட்டைகளைக் கூடத்தில் குவித்து வைத்திருந்த நேரத்தில் ஒறம்பரை வந்துவிட்டார்கள். உட்கார இடமில்லை. அன்றைக்குப் பட்ட வெசனம் இன்னும் நினைவிருக்கிறது.

அந்தக் கேம் லாக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலகை அலமாரியின் உயிரே அதில்தான் இருக்கிறது. கடையில் மினிஃபிக்ஸ் என்று கேட்டாலும் தருவார்கள். ஒரு பலகையின் முகத்தில் சின்ன போல்ட் திருகியிருக்கும். அதன் தலை அடுத்த பலகையின் விளிம்பில் உள்ள துளைக்குள் போகும். அங்கே 15 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். ஸ்குரு டிரைவரால் அதை அரைச் சுற்று திருப்பினால், போல்ட்டின் தலையைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். துண்டின் மேல் ஓர் அம்புக்குறி உண்டு. போல்ட்டை நுழைக்கும்போது அந்த அம்பு விளிம்புத் துளையைப் பார்த்திருக்க வேண்டும். எங்களுக்கு இது தெரியாது. பூட்டிய நிலையிலேயே பாதித் துண்டுகளை உள்ளே போட்டுவிட்டு, தலை நுழையவில்லையே என்று சுத்தியலால் தட்டினோம். தட்டிய இடமெல்லாம் விளிம்பு உப்பிப் பிளந்தது.

திங்கட்கிழமை காரமடைப் பக்கத்து ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டோம். பெரியவர். பலகையின் வெட்டுப்பகுதியை விரலால் தடவிப் பார்த்தார். "இது மரமில்ல கண்ணு. மரத்தூளப் பசை போட்டு அமுக்கி வெச்சது. மரம்னா ஸ்குருவப் புடிச்சுக்கும். இது தாங்கிட்டுத்தான் இருக்கும். ஒருக்கா தாங்கும், ரெண்டுவாட்டி தாங்கும். அப்பறம் உட்டுரும்."

பார்ட்டிக்கிள் போர்டு என்று சொல்வது இதைத்தான். மரச்சில்லையும் தூளையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையோடு கலந்து, சூடாக்கி அழுத்திச் செய்கிறார்கள். மேலே மெல்லிய லேமினேட் ஒட்டியிருப்பதால் மரம்போலத் தெரிகிறது. உள்ளே நார் கிடையாது. மரத்தில் ஸ்குரு ஏறும்போது நாரை விலக்கி இடம் பிடிக்கும். இதில் பொடியை ஒதுக்கி மரை வெட்டிக்கொள்ளும். மறுபடி திருகும்போது ஸ்குரு பழைய மரையில் உட்காராமல் புது மரை வெட்டினால், இரண்டுக்கும் நடுவிலிருக்கிற தூள் உதிர்ந்து துளை பெரிதாகிவிடும்.

இதற்கு ஆசாரி காட்டிய உபாயம் ஒன்று, எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. ஸ்குருவைத் துளையில் வைத்ததும் முறுக்காதீர்கள். முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் 'டிக்'கென்று கீழே இறங்கும். அதுதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து முன்பக்கம் திருகினால் பழைய தடத்திலேயே போகும். கெட்டுப்போன துளைகளுக்கு அவர் செய்தது வேறு: 8 மி.மீ. அளவில் துளையைப் பெரிதாக்கி, ஃபெவிகால் தடவிய மரக்குச்சியை அடித்து இறக்கி, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் குச்சியின் நடுவில் சின்னத் துளை போட்டு ஸ்குரு ஏற்றினார். அவை இன்றுவரை அசையவில்லை.

கதவுகள் ஏன் சேரவில்லை என்பதற்கும் அவரிடம்தான் பதில் கிடைத்தது. நாங்கள் கீலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் கீலைத் தொடவேயில்லை. பின்பக்கம் போய் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு நூல் பிடித்தார். மற்ற இரண்டு மூலைக்கும் பிடித்தார். இரண்டு விரல்கடை வித்தியாசம். கூடு சாய்ந்து நின்றது. நீளமாயிருந்த மூலையைக் கையால் அழுத்தித் தள்ளி, இரண்டு நூலும் சமமானதும் பின்தட்டியை வைத்து வரிசையாக ஆணி அடித்தார். "பின்னாடி தட்டி சும்மா மறைக்கறதுக்கு இல்ல கண்ணு. அதுதான் முதுகெலும்பு" என்றார். 3 மி.மீ. தட்டிதானே என்று நாங்கள் அதைக் கடைசியில் ஏனோதானோவென்று அடித்திருந்தோம். கூடு சதுரமானதும் கதவுகள் தாமே சேர்ந்தன.

கணக்கு இதுதான். அலமாரி 4,500. குட்டியானை வண்டி 1,200. மேலே ஏற்றிய கூலி 400. கேம் லாக், மரக்குச்சி, இரண்டு கீல் 350. ஆசாரிக்கு ஒன்றரை நாள் 1,800. மொத்தம் 8,250. அப்படியும் ஒரு வருஷம்தான் ஒழுங்காக இருந்தது. நம் வீடுகளில் நோம்பிக்கு முன்னால் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுவது வழக்கம். அந்தத் தீபாவளிக்குக் கழுவிவிட்டோம், ஓர் அங்குலம் தண்ணீர் கூட நிற்கவில்லை, அலமாரியின் அடிப்பலகை நனைந்த ரொட்டி மாதிரி ஊதிவிட்டது. ஊதியது திரும்பச் சுருங்காது. பலகை அலமாரி வாங்கினால் நாலு மூலைக்கும் அடியில் கிரானைட் துண்டோ பிளாஸ்டிக் புஷ்ஷோ கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வைப்பது முதல் நாள் வேலையாக இருக்க வேண்டும். பழையதைப் பார்க்கப் போகும்போதும் முதலில் குனிந்து அடி விளிம்பைத் தடவுங்கள். விரலுக்கு மேடு தட்டினால் திரும்பி வந்துவிடலாம்.

இப்போது இரும்பு பீரோ. 78 அங்குல உயரம், 36 அகலம், 19 ஆழம் என்பது பரவலான அளவு. இதில் மாட்டுவது என்ற பேச்சே இல்லை. வெல்டிங் வைத்து ஒரே உடம்பாக வருகிறது. கொண்டுவந்து நிறுத்தினால் அன்றைக்கே துணி அடுக்கலாம். எத்தனை வீடு மாறினாலும் பொருத்து தளராது. எனக்கு இப்போது பழைய பீரோமேல்தான் நம்பிக்கை.

ஆனால் அதன் கஷ்டம் முழுக்கப் படியில் இருக்கிறது. தங்கை வீட்டுப் படி மூன்றடி அகலம். நேராக ஏறிவிடும், திருப்பத்தில்தான் மாட்டிக்கொள்ளும். போவதற்கு முன்னால் திருப்பத்து மேடையை டேப் பிடித்து அளந்துகொள்ள வேண்டும். கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் சேர்த்து. பீரோவின் தட்டுகளைக் கழற்றிவிடலாம், சில மாடல்களில் கதவையும் கீல் முள்ளை உருவிக் கழற்றலாம். அங்கேயே எடை குறையும். நாலு ஆள் வேண்டும். இரண்டு ஆள் போதும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், இடுப்புப் பிடித்துக்கொண்டால் அதற்கு விலை கிடையாது.

பார்க்கும்போது கதவு இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்துப் பாருங்கள், கூடு முறுக்கிக்கொள்கிறதா என்று. கைப்பிடியைத் திருப்பும்போது மேலும் கீழும் போகும் கம்பிகள் இரண்டும் துளையில் இறங்குகின்றனவா என்று கவனிக்க வேண்டும். 22 கேஜ் தகடு என்பார்கள். கேஜ் எண் குறைந்தால் தகடு கனம் என்பதை மறக்காதீர்கள், 20 கேஜ் கிடைத்தால் நல்லது. புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அடித்தகட்டை விரலால் தட்டிப் பாருங்கள். துரு தின்ற தகடு 'டங்'கென்று ஒலிக்காது. கோவையில் கடற்காற்று இல்லாததால் துரு அவ்வளவாக ஏறுவதில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் அடிப்பகுதி மட்டும் போயிருக்கும். வீட்டில் நிறுத்தியபின் கதவு ஒன்றையொன்று இடித்தால் பீரோமேல் குறையில்லை, தரை மட்டமில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த மூலைக்கு அடியில் தகட்டுத் துண்டு ஒன்று கொடுத்தால் போதும். நாங்கள் அலமாரிக் கதவோடு போராடிய ஒன்றரை நாளை நினைத்தால், இந்த ஐந்து நிமிஷ வேலை எனக்குப் பெரிய ஆறுதல்.

கட்டில் விஷயத்தில் நான் வேறு பேச்சுக்கே இடம் தரமாட்டேன். பழைய மரக்கட்டில்தான். கொங்குப் பக்கம் சீரோடு வந்த தேக்குக் கட்டில்கள் எத்தனையோ வீடுகளில் அட்டாளியிலும் தாவாரத்திலும் கிடக்கின்றன. பெரியவர்கள் போனபிறகு அவை வெளியே வருகின்றன. ஆனைமலைத் தேக்குக்கு இந்தப் பக்கம் பழைய பேர். வெட்டிய மரங்களை மலைமேலிருந்து சரித்து விட்ட இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயரே வந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் சுலபமாக அண்டாது.

பொருத்து எப்படி? தலைமாடு ஒன்று, கால்மாடு ஒன்று, பக்கச் சட்டம் இரண்டு. நாலு மூலையிலும் நீள போல்ட், இல்லையென்றால் இரும்புக் கொக்கி. போல்ட் இரும்பில் முறுக்குகிறது, மரத்தில் இல்லை. அதனால் 40 வருஷம் கழித்துப் பிரித்தாலும் மறுபடி அதே இறுக்கம் வரும். இரண்டு பேர் இருந்தால் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். முழு இறுக்கத்தையும் ஒரு மூலையிலேயே கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நாலு மூலையையும் தளர்வாக மாட்டி, கட்டிலை ஒரு தடவை ஆட்டி உட்காரவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும்.

போல்ட் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம், ஒரு விஷயம் மட்டும் கவனம். பழைய கட்டில்களில் அங்குலக் கணக்கு போல்ட் இருக்கும், 5/16, 3/8 என்று. இப்போது கடையில் சும்மா கேட்டால் கிடைக்கும் 8 மி.மீ. நட்டு, பார்வைக்கு 5/16 போலவே இருந்தாலும் மரை வேறு. பலவந்தமாக முறுக்கினால் இரண்டின் மரையும் போய்விடும். பழைய போல்ட்டையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். கடையில் இல்லையென்றாலும் நம் ஊரில் கவலையில்லை. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து 1937இல் நாட்டின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் இது. மோட்டாரும் பம்புசெட்டும் வளர்ந்ததோடு லேத் பட்டறைகளும் தெருத்தெருவாக வளர்ந்தன. கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறையில் மாதிரியைக் கொடுத்தால் ஒற்றை நட்டுக்கூடக் கடைந்து தருவார்கள். பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது.

கட்டிலில் பயப்பட வேண்டியவை மூன்று. முதலாவது மூட்டைப்பூச்சி. போல்ட் துளை, கொக்கித் தகட்டின் பின்பக்கம், சட்டத்தின் வெடிப்பு இவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சந்தேகம் இருந்தால் மொட்டை மாடியிலேயே பிரித்துப்போட்டு, துளைகளிலும் இடுக்குகளிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, நல்ல வெயிலில் காயவைத்து அப்புறம் உள்ளே எடுங்கள். பூச்சியும் முட்டையும் 50 டிகிரி சூட்டுக்கு மேல் பிழைக்காது. பலகை அலமாரிக்கு இந்த வைத்தியம் செய்ய முடியாது, தண்ணீர் பட்டால் அலமாரியே போய்விடும். இரண்டாவது உளுத்த மரம். கட்டிலின் அடியில் மஞ்சள் மாவு கொட்டிக்கிடந்தால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். மூன்றாவது, தேக்கு என்று சொல்லி வாகையையோ மாமரத்தையோ சாயம் போட்டு விற்பது. சட்டத்தின் அடிப்பக்கம் யாரும் வார்னிஷ் அடிக்க மாட்டார்கள். அங்கே உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து முகர்ந்து பார்த்தால் தேக்கின் எண்ணெய் வாசம் வரும். வாகையும் நல்ல மரம்தான், வாகை விலை கொடுத்து வாங்கினால் நஷ்டமில்லை.

அளவையும் சொல்லியாக வேண்டும். பழைய கட்டில்கள் இன்றைய மெத்தை அளவுக்குச் செய்தவையல்ல. தங்கையிடம் இருக்கும் மெத்தை 75க்கு 60 அங்குலம். கட்டிலின் உள் அளவு அதைவிட ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். மெத்தை இல்லாதவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. இலவம்பஞ்சு மெத்தை தைப்பவரிடம் கட்டில் அளவைக் கொடுத்தால் அதற்குத் தகுந்தபடி தைத்துக் கொடுப்பார். கையில் காசு சேரும்வரை கயிற்றுக் கட்டிலும் பவானி ஜமுக்காளமும் போதும் என்று எங்கள் ஆத்தா சொல்வார்கள். கோடையில் அதைவிடச் சுகமான படுக்கை கிடையாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மேஜைக்கு மட்டும் பிரித்து மாட்டும் பலகைச் சாமானையே வாங்கச் சொல்வேன். காரணம் அதே பொருத்துதான். மாணவர் மேஜைகளில் கால்கள் இரும்புச் சட்டம், மேலே பலகை. போல்ட் இரும்பிலிருந்து இரும்புக்குப் போகிறது. பலகையின் வேலை சும்மா மேலே படுத்திருப்பது. எத்தனை முறை பிரித்தாலும் ஒன்றும் ஆகாது, பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பீளமேட்டுப் பக்கம் மே மாதம் மாணவர்கள் அறையைக் காலி செய்யும்போது 1,000, 1,500க்கு இவை கிடைக்கும். 4, 5 மி.மீ. எல் கீ இரண்டு இருந்தால் மாட்டிவிடலாம். இழுப்பறை வைத்த மேஜை வேண்டாம். இழுப்பறைச் சேனல் தேய்ந்திருந்தால் அதை மட்டம் பார்த்துப் பொருத்துவது தனி வித்தை.

புது அலமாரியே வாங்கிவிடலாமா என்றும் தங்கை கேட்டாள். வாங்கலாம். விற்பவர்களே ஆள் அனுப்பி நிறுத்திக் கொடுப்பார்கள், அலைச்சல் இல்லை. அதே வீட்டில் நாலைந்து வருஷம் இருக்கப்போவது உறுதி என்றால் அது தவறில்லை. 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் 16,000 கொடுத்து வாங்கி, அடுத்த வருஷம் பிரித்து மாட்டினால், அது நான் வாங்கிய அலமாரியின் நிலைக்கு வந்துவிடும். ஆசாரியை வைத்து பிளைவுட்டில் செய்வது சொந்த வீட்டுக்காரர்களுக்கு. அவர்கள் பிளைவுட்டில் ஐ.எஸ். 303 அல்லது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். வாடகை வீட்டில் சுவரோடு சேர்த்து அடித்துவிட்டால் போகும்போது எடுத்துக்கொண்டு போக முடியாது.

மாட்டுவது நாமா, ஆசாரியா என்பதில் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கட்டிலையும் இரும்புக் கால் மேஜையையும் நாமே மாட்டலாம். பலகை அலமாரி என்றால் ஆசாரியை மாட்டும்போது கூப்பிடுவதைவிடப் பிரிக்கும்போதே கூப்பிட வேண்டும். விற்பவர் வீட்டுக்கே அவரைக் கூட்டிப் போனால் அரை நாள் கூலி ஆகும். அவர் நின்ற நிலையில் பார்த்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார், அதுவே கூலிக்கு ஈடு. அப்புறம் பலகைக்குப் பலகை பேப்பர் டேப் ஒட்டி எண் போட்டு, சேரும் மூலைகளில் இரண்டு பலகையிலும் ஒரே எண் எழுதி, ஸ்குருக்களைத் தனித்தனிக் கவரில் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொண்டு பிரித்தால் மாட்டும்போது பாதிச் சோலி இல்லை. ஆள் கிடைப்பதற்கும் காலம் உண்டு. தையிலும் வைகாசியிலும் ஆசாரிகள் கிரகப்பிரவேச வேலையில் மூழ்கியிருப்பார்கள். ஆடியில் கூப்பிட்டால் நிதானமாக வந்து செய்து தருவார்கள்.

சரவணம்பட்டிக்காரரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன்: இதுவரை எத்தனை முறை பிரித்து மாட்டியிருக்கிறார்? அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார், பெங்களூருவில் இரண்டு வீடு, இங்கே ஒன்று என்று. கடையிலிருந்து வந்தபோது மாட்டியதோடு சேர்த்தால் தங்கை வீட்டில் அது நாலாவது முறை. 5,000 என்ன, 2,000க்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்றேன்.

அதற்குப் பதிலாகக் கவுண்டம்பாளையத்தில் ஒரு வீட்டில் 20 கேஜ் பீரோ 6,500க்குப் பேசியாயிற்று, சாவி இரண்டும் இருக்கின்றன. படித் திருப்பத்தைத் தங்கை வீட்டுக்காரர் அளந்து அனுப்பினார், தட்டுகளைக் கழற்றிவிட்டு நிமிர்த்திப் பிடித்தால் வந்துவிடும். தேக்குக் கட்டில் 7,000, உள் அளவு 76க்கு 61. அதைப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நானே போய்ப் பார்த்தேன். அடிச் சட்டத்தில் உப்புத்தாள் போட்டு முகர்ந்தும் பார்த்தேன். மேஜை 1,500. வண்டிக்கும் நாலு ஆளுக்கும் 3,600 ஒதுக்கியிருக்கிறோம். எல்லாம் சேர்த்து 18,600.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வருகிறது. கட்டிலின் எட்டு போல்ட்டில் ஒன்றுக்கு நட்டு இல்லை. மாதிரிக்கு ஒன்றைக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.